எட்டாம் கட்டிலுக்கு ஒரு துண்டு சாக்லேட்

அந்த மருத்துவமனையில் நோயாளிகள் குணமானார்கள். இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது பெயர் வாங்கியது அதற்காக அல்ல, ஒழுங்குக்காக. முன்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஏழு கேடயங்கள் இருந்தன. ஏழும் ஒழுங்குக்குக் கிடைத்தவை. எட்டாவது கேடயத்துக்கு இடம் விட்டுவைத்து, அந்த வெற்றிடத்துக்கும் ஓர் எண் ஒட்டியிருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மருத்துவமனையின் வாசலுக்கு ஒரு பஸ் கண்டக்டர் வந்து சேர்ந்தார். அன்று அவருக்கு விடுப்பு. கையில் ஒரு பை. பைக்குள் நாலு வாழைப்பழம், ஒரு போர்வை, ஒரு சாக்லேட். பழமும் போர்வையும் அவருடைய அக்காவுக்கு. முக்காலிமேல் ஏறி ஒட்டடை அடித்தபோது விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டு, இரண்டாம் மாடியில் ஏழாம் கட்டிலில் படுத்திருந்தாள் அக்கா. சாக்லேட் மட்டும் அக்காவுக்கு இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் பார்க்கப் போனபோது அக்கா அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள்.

“டேய், எட்டாம் கட்டில்ல இருக்காங்களே, அவங்க இருபத்தாறு வருஷமா கொக்கோத் தோட்டத்துல காய் பறிக்கறாங்க. காயை உடைக்கறப்போ கத்தி நழுவி உள்ளங்கையில இறங்கிடுச்சு. பதினோரு தையல். நான் பேச்சுவாக்குல, அப்ப உங்க வீட்டுல தினம் சாக்லேட்தான்னு சொன்னேன். அவங்க என்னைப் பாத்து, ‘அது எப்படிங்க இருக்கும்?’னு கேக்கறாங்கடா.”

“தின்னதே இல்லையா?”

“தின்னதே இல்ல. நாளைக்கு நாலு மணிக்கு அவங்களை வீட்டுக்கு அனுப்பறாங்க. நாலேகாலுக்கு மலைக்குப் போற பஸ். அதுக்குள்ள ஒண்ணு வாங்கிட்டு வந்துடு. நான் வாக்குக் குடுத்துட்டேன்.”

“உனக்கு வேண்டாமா?”

“எனக்குக் கால்தானே முறிஞ்சிருக்கு, நாக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க முதல்ல.”

கண்டக்டர் அன்றைக்கே நகரத்தின் பெரிய கடைவீதிக்குப் போய், கசப்பும் இனிப்பும் சரிபாதியாக இருக்கும் நல்ல சாக்லேட்டாகக் கேட்டு வாங்கினார். பத்துத் துண்டுகளாக உடைக்கலாம். மருத்துவமனைக்குப் பக்கத்தில் வாங்க முடியாது. பல் பிரிவின் வேண்டுகோளுக்கு இணங்க, அரை மைல் சுற்றளவில் இனிப்பு விற்கத் தடை இருந்தது.

சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நேரே உள்ளே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவர் இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களிடம் டிக்கெட் கேட்டவர். விடுப்பு நாளில் பஸ் ஏறினால்கூடத் தனக்கு டிக்கெட் எடுக்கிறவர். அப்படிப்பட்டவருக்கு ஒளித்து எடுத்துப்போகிற கலை வராது. ஆண்டவன் அந்தத் திறமையை அவருக்குக் கொடுக்க மறந்துவிட்டான். அவரும் கேட்டு வாங்கவில்லை.

வாசல் காவலருக்கு அடர்ந்த மீசை. ஊழியர்கள் அவரை மீசை என்றே கூப்பிட்டார்கள். அவருடைய சிறிய அறையில் ஒரு மேசை, ஒரு தடித்த பதிவேடு, பூட்டு வைத்த ஓர் இழுப்பறை.

“பையில என்ன?”

“வாழைப்பழம், போர்வை, சாக்லேட்.”

“பழம் உணவு. போர்வை துணி. சாக்லேட்...” பேனா நின்றது. “சாக்லேட்டா?”

“அதுவும் உணவுதானேங்க?”

“போன மாசம் வரைக்கும் உணவுதான். இப்ப என்னன்னு தெரியல.”

நடந்தது இதுதான். மருத்துவமனைக்குள் வரும் எந்தப் பொருளும் நான்கு வகைகளில் ஒன்றில் அடங்க வேண்டும்: உணவு, பானம், மருந்து, மதிப்புடைமை, அதாவது பணம், நகை போன்றவை. துணிக்கு மட்டும் விலக்கு. இதைப் பார்த்துக்கொள்ள வெளிப்பொருள் வகைப்பாட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. போன மாதம் கண்காணிப்பாளருடைய மைத்துனர், கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர், வீட்டில் எல்லோருக்கும் வரலாறு சொல்ல ஆரம்பித்தார். வீட்டார் தாங்கவில்லை. ஆகவே மருத்துவமனைக்கு ஒரு வரலாற்று ஆலோசகர் தேவைப்பட்டது. அவர் முதல் கூட்டத்திலேயே பதிவேட்டைப் புரட்டி, சாக்லேட்டை உணவு என்று எழுதியவர் யார் என்று கேட்டார். அது காலங்காலமாகப் பானமாக இருந்தது, பணமாக இருந்தது, மருந்தாக இருந்தது, உணவாகி இருநூறு வருடம்கூட ஆகவில்லை என்றார். குழு வெட்கித் தலைகுனிந்தது. அன்றிலிருந்து சாக்லேட் எதுவுமாக இல்லை.

“நாலு பிரிவுக்கும் போகணும்,” என்றார் மீசை. “நாலு படிவம். ஒவ்வொருத்தரும் எங்க வகை, எங்க வகை இல்லன்னு எழுதிக் குடுப்பாங்க. ரெண்டு மணிக்குக் குழு கூடும். அவங்க முடிவு சொல்வாங்க.”

“நாலு மணிக்குள்ள ஆயிடுமா?”

“ஆகணும்னு விதி இல்ல. ஆகக் கூடாதுன்னும் இல்ல.”

“அப்படின்னா இதை நான் வெளியிலயே வச்சுக்கறேன். நாலு மணிக்கு அந்தம்மா வெளிய வர்றப்போ குடுத்துடறேன்.”

மீசை வருத்தத்தோடு பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “எழுதிட்டேனே. பதிவான பொருள் முடிவாகாம வெளிய போகக் கூடாது. விதி நாலு. விதி மூணு என்னன்னா, வாசல் மாதிரின்னு, சாம்பிளுக்கு ஒரு துண்டு நான் எடுத்து வைக்கணும். முடிவு வர்ற வரைக்கும் இங்கதான் இருக்கும். முடிவு வந்ததும் ரெண்டு சாட்சி முன்னால அதை அழிக்கணும்.”

சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு துண்டை உடைத்தார். வெள்ளைத் தாளில் மடித்து, நூல் சுற்றி, சீட்டு ஒட்டி, இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

“இந்த இழுப்பறையில கேக்கு இருந்திருக்கு, பிஸ்கட் இருந்திருக்கு. பதினாலு வருஷத்துல ஒண்ணையும் தொட்டதில்லீங்க.”

“எறும்பு?”

“எறும்பு தொட்டிருக்கு. அதைத் தனியா எழுதி வச்சிருக்கேன்.”

மிச்சம் ஒன்பது.

உணவுப் பிரிவின் பொறுப்பாளர் அம்மாள் சாக்லேட்டை முகர்ந்து பார்த்தார். வயிற்றில் பூச்சி வைக்கும் என்றார். பல் சொத்தையாகும் என்றார். உடம்புக்குச் சூடு என்றார். பிறகு ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். மூடிய கண் திறக்க ஒரு நிமிடம் ஆயிற்று.

“இது உணவு இல்ல,” என்றார்.

“ஏன் மேடம்?”

“பசிக்குக் கேக்கறதுதான் உணவு. இதை யாரு பசிச்சுக் கேக்கறாங்க? ஆசைப்பட்டுத்தான் கேக்கறாங்க. என் சமையலறையைப் பாருங்க. பத்தொன்பது வருஷத்துல இங்க ஒரு நோயாளிகூட ஆசைப்பட்டு எதையும் கேட்டதில்ல. சூப்பைக் கொண்டுபோய் வச்சா, பாத்துட்டு அப்படியே திருப்பி அனுப்புவாங்க. அதுதான் கட்டுப்பாடான உணவு.”

வெள்ளைப் படிவத்தில் ‘எங்கள் வகை அல்ல’ என்று எழுதி முத்திரை குத்தினார். மிச்சம் எட்டு.

பானப் பிரிவில் இரண்டு பேர் இருந்தார்கள். நெட்டையர் ஒருவர், குட்டையர் ஒருவர். வரலாற்று ஆலோசகரின் சுற்றறிக்கை சுவரில் ஒட்டியிருந்தது. பழங்காலத்தில் கொக்கோவை அரைத்து, மிளகாய் கலந்து, உயரத்திலிருந்து ஊற்றி, நுரை பொங்கக் குடித்தார்கள் என்று அதில் கண்டிருந்தது. அவர்கள் ஒழுங்கான ஊழியர்கள். இரண்டு துண்டுகளைக் கெட்டிலில் போட்டுக் கரைத்தார்கள். நெட்டையர் நாற்காலிமேல் ஏறி நின்று ஊற்ற, குட்டையர் தரையில் குந்தி டம்ளரில் பிடித்தார். முக்கால் பங்கு டம்ளரிலும் கால் பங்கு குட்டையரின் மண்டையிலும் விழுந்தது.

“நுரை வந்துச்சா?” என்று மேலேயிருந்து கேள்வி வந்தது.

“டம்ளர்ல வரல. தலையில வந்திருக்கு.”

“குடிச்சுப் பாரு. கசக்குதா?”

“இனிக்குதுப்பா.”

“அப்ப வரலாற்றுப்படி தப்பு. மிளகாய்த்தூள் கொண்டா.”

மிளகாய்த்தூள் வந்தது. இருவரும் ஆளுக்குப் பாதி குடித்துவிட்டுக் கண்ணில் நீர் வழிய இருமினார்கள். இப்போது சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள்.

“அப்ப பானம்னு எழுதுங்கண்ணே,” என்று கெஞ்சினார் கண்டக்டர்.

“அதெப்படி? பானம்னா சிந்தணும். இது சிந்தாது, உடையும்,” என்று நெட்டையர் நீலப் படிவத்தில் எழுதினார்: ‘எங்கள் வகை அல்ல. கரைத்தபின் எங்கள் வகை. கரைத்ததைக் குடித்துவிட்டபடியால் இப்போது எதுவும் இல்லை.’

மிச்சம் ஆறு. கண்டக்டர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டார். நெரிசலான பஸ்ஸில் தலை எண்ணும் பழக்கம் அது. ஒரே வித்தியாசம், அங்கே ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஏறவும் செய்வார்கள்.

மருந்தகத்தில் கண்ணாடித் தடுப்பு. அதில் வாயளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டை வழியாக மருந்தாளர் கேட்டார்: “காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“ஒரே ஒரு தடவைதாங்க.”

“ஒரே ஒரு தடவைன்னா ஊசியாச்சே?”

“மருந்து இல்லன்னு எழுதிடுங்க, போயிடறேன்.”

“எப்படி எழுதறது? அந்தக் காலத்து வைத்தியருங்க இதை இருமலுக்குக் குடுத்திருக்காங்க, அஜீரணத்துக்குக் குடுத்திருக்காங்க. பக்க விளைவும் இருக்கு. தலைவலி, தூக்கமின்மை, முகப்பரு, காரணமில்லாத சந்தோஷம். பக்க விளைவு இருந்தா அது மருந்து. சோதிக்கணும்.”

ஒரு துண்டு ஓட்டை வழியாக உள்ளே போயிற்று. மருந்தாளர் அதைத் தின்றுவிட்டு, சிறிய கண்ணாடி ஒன்றை எடுத்து, தன் கன்னத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

“என்ன சார் பண்றீங்க?”

“பரு வருதான்னு பாக்கறேன். ஏழு நாள் ஆகும்.”

வரிசையில் பின்னால் நின்ற தோல் மருத்துவர் அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “பருவுக்கு நூறு காரணம் இருக்கு. சாக்லேட்தான் காரணம்னு இன்னும் யாரும் அடிச்சுச் சொல்லலையே. பாவம், அவரை அனுப்புங்களேன்,” என்றார்.

“டாக்டர், மன்னிக்கணும்,” என்றார் மருந்தாளர் கண்ணாடியிலிருந்து கண் எடுக்காமல். “இது மருத்துவ விஷயம் இல்ல. வகைப்பாட்டு விஷயம்.”

ஆனாலும் மருத்துவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் இளஞ்சிவப்புப் படிவம் வெளியே வந்தது: ‘எங்கள் வகை அல்ல. பரு வந்தால் மறுபரிசீலனை.’ கண்டக்டர் அந்த அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். அன்று அந்தக் கட்டடத்தில் அவருக்காக யாரோ நின்றது அதுதான் முதல் தடவை.

மிச்சம் ஐந்து.

மதிப்புடைமைப் பிரிவில் இரும்புப் பெட்டகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். “அந்தக் காலத்துல கொக்கோக் கொட்டைதான் காசு, தெரியுமா? அதுலயும் கள்ளக்காசு உண்டு. ஓட்டுக்குள்ள மண்ணை அடைச்சு ஏமாத்துவாங்களாம். அதனால உடைச்சுப் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

உடைத்துப் பார்த்தார். மண் இல்லை.

“கண்ணுக்குத் தெரியாத மண்ணா இருந்தா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு வாயில் போட்டார்.

“சார், நான் பஸ் கண்டக்டர்,” என்றார் கண்டக்டர், அன்று முதல் தடவையாகக் குரல் உயர்த்தி. “செல்லாத காசு எத்தனையோ பாத்திருக்கேன். தின்னு பாத்து யாரும் வாங்கினதில்ல.”

“அதனாலதான் உங்க பஸ்ஸுக்குக் கேடயம் கிடைக்கல,” என்றார் அவர் மென்றுகொண்டே. மஞ்சள் படிவத்திலும் ‘எங்கள் வகை அல்ல’ விழுந்தது. காரணம்: ‘சோதனையில் தீர்ந்துபோகும் பொருளைப் பெட்டகத்தில் வைக்க இயலாது.’

மிச்சம் நாலு.

ஒரு மணி பார்வையாளர் நேரம். சாக்லேட்டைக் குழுவின் அலுவலகத்துத் தட்டில் வைத்துவிட்டு, கண்டக்டர் இரண்டாம் மாடிக்கு ஓடினார். நடந்ததைக் கேட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“பத்துல நாலா? நீ படிவம் வாங்கப் போனியா, பந்தி போடப் போனியா?”

“நான் என்னக்கா பண்றது? கேட்டா மாதிரிங்கறாங்க.”

எட்டாம் கட்டிலில் இருந்தவர் இடது கையால் சேலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். வலது கை மணிக்கட்டு வரை கட்டுப் போட்டு, கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் தொங்கியது. அவர் கூச்சத்தோடு சிரித்தார்.

“எனக்காக எதுக்குங்கண்ணே இந்த அலைச்சல்? கொட்டையை ஒருதரம் கடிச்சுப் பாத்திருக்கேன். ஒரே கசப்பு. அதைப் போயி இனிப்புங்கறாங்களே, எப்படித்தான் இருக்கும்னு ஒரு யோசனை. அவ்வளவுதான். இருபத்தாறு வருஷம் தெரியாம இருந்தாச்சு. இனியும் தெரியாமலே இருந்துட்டுப் போறேன்.”

“அதெல்லாம் முடியாது,” என்றாள் அக்கா. “ராத்திரி நான் வலியில முனகினா நர்ஸுக்கு முன்னாடி இவங்கதான் எழுந்து வருவாங்க. ஒத்தைக் கையால தலையணையைச் சரி பண்ணுவாங்க. அதுக்கு எந்தப் படிவமும் இல்ல. டேய், ஒரு துண்டாவது கொண்டு வா. இல்லன்னா இந்த ஊன்றுகோல் இருக்கு பாரு, அதை எந்த வகையில சேக்கறதுன்னு நான் உனக்குக் காட்டுவேன்.”

குழு இரண்டு மணிக்குக் கூட வேண்டும். இரண்டரைக்குக் கூடியது. பச்சைத் துணி விரித்த நீளமான மேசை. நடுவில் கண்காணிப்பாளர். அவருக்கு வலப்பக்கம் வரலாற்று ஆலோசகர், இடப்பக்கம் செயலாளர். மேசைக் கோடியில் உறுப்பினர் ஒருவர். ஆமாம் என்று சொல்வதற்காக அவரைப் போட்டிருந்தார்கள். நடுவே ஒரு பீங்கான் தட்டில் நாலு துண்டு.

முதலில் செயலாளர் படிவத்தை வாசித்தார். “கொடுப்பவர், கண்டக்டர். பெறுபவர், எட்டாம் கட்டில். இருவருக்கும் உள்ள உறவு... இது காலியா இருக்கே?”

“உறவெல்லாம் இல்லீங்க. எங்க அக்காவுக்குப் பக்கத்துக் கட்டில்.”

“பக்கத்துக் கட்டில்ங்கறது உறவுப் பட்டியல்ல இல்ல.”

ஆலோசகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது கவலைக்குரிய விஷயம். சாக்லேட் காதலைத் தூண்டும் என்று உலகம் பல நூற்றாண்டுகளாக நம்பிவருகிறது. ஒரு பேரரசன் அந்தப்புரத்துக்குப் போகுமுன் ஐம்பது கோப்பை அருந்துவானாம். உறவில்லாத ஓர் ஆண், உறவில்லாத ஒரு பெண்ணுக்கு இதைத் தர விரும்புகிறார்.”

“ஐயோ சார்! எனக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாச்சு.”

“அந்தப் பேரரசனுக்கும் ஆகியிருந்தது.”

“காதலுக்கு நம்ம கட்டடத்துல இடம் கிடையாது,” என்றார் கண்காணிப்பாளர் கண்டிப்பாக. “இதயப் பிரிவே தனிக் கட்டடத்துல இருக்கு.”

“ஆமாம்,” என்றார் உறுப்பினர்.

கண்டக்டர் தன் பாசத்தில் காதல் கலப்படம் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடிகாரத்தில் மணி மூன்று. ஆலோசகர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“இந்தத் துண்டு சாதாரணத் துண்டு அல்ல. இதற்குள் பேரரசுகள் இருக்கின்றன. இதை மன்னர்கள் அருந்தினார்கள். வணிகர்கள் கப்பலில் ஏற்றினார்கள். கடல் கடந்த பிறகு இதில் சர்க்கரையைச் சேர்த்தார்கள். சீமாட்டிகள் படுக்கையிலிருந்தே பருகினார்கள். மருத்துவர்கள் புகழ்ந்தார்கள், வேறு மருத்துவர்கள் இகழ்ந்தார்கள்.” பேசிக்கொண்டே தட்டைத் தன் பக்கம் இழுத்தார். “விரத நாளில் இதைக் குடித்தால் விரதம் முறியுமா, முறியாதா என்று மதகுருமார்கள் பல பத்தாண்டுகள் வாதாடினார்கள்.”

“கடைசியில என்ன சார் முடிவாச்சு?” கண்டக்டருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை. அவர் வாரத்தில் ஒருநாள் விரதம் இருப்பவர்.

“முடிவு வரும் வரையில் குடித்துக்கொண்டிருந்தார்கள்,” என்று ஆலோசகர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தட்டைக் கண்காணிப்பாளர் பக்கம் தள்ளினார்.

“சார், சார், அது...”

“சான்றுப் பொருளைப் பாக்காம எப்படித் தீர்ப்புச் சொல்றது?” என்று கண்காணிப்பாளரும் ஒன்று எடுத்துக்கொண்டார். தட்டு நகர்ந்தது. செயலாளர் ஒன்று எடுத்தார். உறுப்பினரிடம் தட்டு போனபோது கண்டக்டர் அவரையே பார்த்தார். அவர் வாழ்க்கையில் ஒருமுறையாவது இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று அந்தப் பார்வை கெஞ்சியது. உறுப்பினர் தட்டைப் பார்த்தார், கண்காணிப்பாளரைப் பார்த்தார்.

“ஆமாம்,” என்று சொல்லி எடுத்துக்கொண்டார்.

தட்டு காலியாகிவிட்டது. கண்டக்டருக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. ஆனால் அவருக்கு வந்தது ஒரு சந்தேகம்தான்.

“ஐயா, மன்னர் குடிச்சாரு, குரு குடிச்சாரு, வைத்தியரு குடிச்சாருன்னு எல்லாம் சொன்னீங்க. பறிச்சவங்க யாருங்க?”

ஆலோசகர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் விட மாட்டார். “பறிப்பது வரலாற்றில் வராது. அது தோட்டக்கலை.”

பிறகு குழு ஒருமனதாக முடிவு செய்தது. நான்கு பிரிவுகளும் கைவிட்டபடியால் சாக்லேட் உணவும் அல்ல, பானமும் அல்ல, மருந்தும் அல்ல, மதிப்புடைமையும் அல்ல. பரு வரும், காதல் வரும், பூச்சி வரும், சந்தோஷம் வரும் என்று ஆளுக்கொன்று நம்புகிறார்கள். ஆகவே அது ஐந்தாவது வகை: பொது நம்பிக்கை. நம்பிக்கையை உள்ளே கொண்டுபோக அனுமதி தேவையில்லை.

“அப்ப காலையிலயே...” என்று ஆரம்பித்தார் கண்டக்டர்.

“காலையிலயே கொண்டுபோயிருக்கலாம்,” என்றார் கண்காணிப்பாளர் அன்பாக. “ஆனா அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? அதுக்குத்தானே குழு.”

செயலாளர் சாக்லேட்டின் மேலுறையில் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தி, வெள்ளித்தாளோடு மடித்து, பணிவாகக் கையில் கொடுத்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

மணி மூன்றே முக்கால். கண்டக்டர் படியேறியபோது எட்டாம் கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். அக்கா ஊன்றுகோலோடு ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். தம்பியின் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், ஊன்றுகோலால் படிப்பக்கம் காட்டினாள்.

“இப்பதான் கீழ போனாங்க. போய்ப் பாரு. வெறுங்கையா இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. சொல்லாம விடறதுதான் தப்பு.”

வாசல் அறைக்குப் பக்கத்து பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் உறையை நீட்டினார். டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட பயணி மாதிரி நின்றார்.

“மன்னிச்சுக்கம்மா. இதுதான் மிஞ்சிச்சு. எல்லாரும் பாத்தாங்க. பாத்தே தீத்துட்டாங்க.”

அவர் உறையை வாங்கி மூக்கருகில் வைத்தார். “அட, எங்க உலர்களத்து வாசனை இதுல கொஞ்சம் இருக்குதுங்கண்ணே,” என்றார். வருத்தம் தெரியாமல் பார்த்துக்கொண்டார். “இது போதும். வாசனை தெரிஞ்சுக்கிட்டேனே.”

“கண்டக்டர் சார்!” என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. மீசை பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். “முடிவு வந்துடுச்சாமே? போன் பண்ணினாங்க. ஒரு நிமிஷம் வாங்க. மாதிரியை அழிக்கணும்.”

கண்டக்டருக்குக் காலையில் நடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பூட்டு திறந்தது. இழுப்பறைக்குள் வெள்ளைத்தாள், சுற்றிய நூல், ஒட்டிய சீட்டு. காலையில் வைத்த துண்டு மூலை மழுங்காமல் அப்படியே இருந்தது. அந்த மருத்துவமனையில் மாதிரியை மாதிரியாகவே வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான்.

கண்டக்டர் ஆண்டவனே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “இதை எப்படிங்க அழிப்பீங்க?”

“வழக்கமா தண்ணியில போட்டுக் கரைச்சுக் கொட்டுவேன்.” மீசை விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒருமுறை படித்தார், பெஞ்சில் இருந்த கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், மறுபடியும் படித்தார். “ரெண்டு சாட்சி முன்னால அழிக்கணும்னுதான் போட்டிருக்கு. எப்படின்னும் போடல. யாரு அழிக்கணும்னும் போடல.” தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அம்மா, உங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமிருந்தா, இதைக் கொஞ்சம் அழிச்சுக் குடுப்பீங்களா? நாங்க ரெண்டு பேரும் சாட்சி.”

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு எழுந்து வந்து, இடது கையால் துண்டை எடுத்து, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார். இருபத்தாறு வருடம் காய் உடைத்த விரல். துண்டு மூன்றாக உடைந்தது. பெரியதை மீசைக்கு நீட்டினார்.

“எனக்கெதுக்கும்மா? நான் தொட்டதே இல்லையே.”

“நானுந்தான் தொட்டதில்ல. பிடிங்கண்ணே.”

மூன்று பேரும் வாயில் போட்டுக்கொண்டார்கள். மீசையின் மீசை மட்டும் மெல்ல அசைந்தது. கண்டக்டர் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தார். அவர் புருவத்தைச் சுருக்கி, நாக்கைப் புரட்டி, நிதானமாக யோசித்தார்.

“எப்படிம்மா இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு,” என்றார். இன்னும் கொஞ்சம் யோசித்தார். “ஆனா, கோவிச்சுக்காதீங்க. காயை உடைச்சதும் கொட்டையைச் சுத்தி வெள்ளையா ஒரு சதை இருக்கும் பாருங்க, புளிப்பும் இனிப்புமா, சில்லுனு. வேலைக்கு நடுவுல நாங்க ஒண்ணு ரெண்டைச் சப்பிக்குவோம். அது இதைவிட நல்லா இருக்குங்க. அது உங்களுக்குத் தெரியாதா? பாவம்.”

கண்டக்டர் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. மீசையும் சிரித்தார், பதினாலு வருடத்தில் அவர் பணி நேரத்தில் சிரித்ததை யாரும் பதிவு செய்ததில்லை.

மீசை பேனாவை எடுத்தார். ‘அழிக்கப்பட்ட முறை’ என்ற கட்டத்தில் ‘மென்று’ என்று எழுதினார். இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். சாலை முனையில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. கண்டக்டர் முன்னால் ஓடிப்போய்க் கை காட்டி நிறுத்தி, பையை ஏற்றிவிட்டு, அந்த வண்டிக் கண்டக்டரிடம், “அண்ணே, கையில தையல் இருக்கு, ஜன்னல் சீட்டுக் குடுங்க,” என்றார்.

அந்த அம்மா படியில் கால் வைத்தவர் திரும்பினார். இரண்டாம் மாடி ஜன்னலில் ஓர் ஊன்றுகோல் உயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட கையைத் துணித் தூளியோடு கொஞ்சம் தூக்கிக் காட்டினார். பிறகு வாசல் அறையைப் பார்த்துக் கேட்டார்:

“தையல் பிரிக்க அடுத்த வாரம் வருவேங்கண்ணே. ஏழாம் கட்டில் அக்காவுக்கு ஒரு கொக்கோக்காய் கொண்டு வரட்டுமா? உள்ள விடுவீங்களா?”

மீசை பதிவேட்டைப் பார்த்தார். நான்கு வகைக்கும் நான்கு கட்டம். இன்று புதிதாகச் சேர்ந்த ஐந்தாவதுக்குக் கையால் கோடு போட்டிருந்தது. மேலே, கண்காணிப்பாளர் அறையில் விளக்கு எரிந்தது. குழு இன்னும் கலையவில்லை.

“கொண்டு வாங்கம்மா,” என்றார். “ரெண்டாக் கொண்டு வாங்க. உணவுன்னு நானே எழுதிக்கறேன்.”